‘ஸ்பிரே’ படகின் மறுகட்டும் கலப்பத்து என்னும் சொல்லும்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், திமிங்கில வேட்டைக்குப் பெயர்பெற்ற நியூ பெட்ஃபோர்டுத் துறைமுகத்தின் எதிர்க்கரையில் ஃபேர்ஹேவன் என்னும் ஊர் அமைந்துள்ளது. அவ்வூரின் வயல்வெளி ஒன்றில், கடல்நீரிலிருந்து சற்றுத் தொலைவில், முட்டுக்கொடுத்து நிறுத்திக் கித்தான் போர்த்திய நிலையில் ‘ஸ்பிரே’ என்னும் பழைய படகு பல ஆண்டுகள் கிடந்தது. 1892-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தையடுத்து ஜோஷுவா ஸ்லோகம் என்னும் கப்பல் தலைவர் அதனைத் தம் கையாலேயே மீண்டும் கட்டத் தொடங்கினார். பொருட்செலவு 553 டாலர் 62 சென்ட். உழைப்பு பதின்மூன்று மாதம். அப்படகில்தான் அவர் 1895 ஏப்ரல் 24 அன்று பாஸ்டனிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ 46,000 மைல் பயணம் செய்து, 1898 ஜூன் 27 அன்று நியூபோர்ட்டை அடைந்தார். தனியொருவராக உலகைச் சுற்றிவந்த முதல் மாலுமி அவரே என்பது வரலாறு.

ஸ்லோகம் 1844-இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தவர். பாய்க்கப்பல்களின் தலைவராக உயர்ந்தவர். நீராவிக் கப்பல்கள் பெருகப் பெருகப் பாய்க்கப்பல் தலைவர்களுக்குத் தொழில் அருகிய காலம் அது. 1887-இல் பிரேசில் கரையில் தம் கப்பலான ‘அக்விட்நெக்’கை இழந்த அவர், குடும்பத்தினருடன் அங்கேயே 35 அடி நீளமுள்ள ஒரு படகைக் கட்டினார். பிரேசிலில் அடிமை முறை ஒழிக்கப்பட்ட 1888 மே 13 அன்றே அது நீரில் இறக்கப்பட்டமையால் ‘லிபர்டாட்’, அதாவது விடுதலை, எனப் பெயர் பெற்றது. அதிலேயே அவர்கள் தாய்நாடு திரும்பினர். எனவே ஃபேர்ஹேவன் வயலில் நின்றவர் கட்டளையிட மட்டுமே அறிந்த தலைவர் அல்லர். உளியும் கொட்டாப்புளியும் பழகிய கையினர்.

1899-இலும் 1900-இலும் ஓர் இதழில் தொடராக வந்து, பின் 1900-இல் நூலான அவருடைய பயண வரலாற்றின் தொடக்கப் பகுதி இம்மறுகட்டு வேலையை விவரிக்கிறது. சில பக்கங்களே கொண்ட அப்பகுதி, தமிழில் பெயர்க்க முனைவோருக்கு நூலின் பிற பகுதிகளைக் காட்டிலும் கடினமானது. புயலையும் தீவுகளையும் வருணிக்கத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. பலகை இடுக்கில் பஞ்சை அடைக்கும் வேலையைச் சொல்ல முற்படும்போதே பெயர்ப்பாளர் தடுமாறுகிறார். அகராதியை நாடாமல் புதுச் சொல் படைக்கிறார். அத்தடுமாற்றம் தேவைதானா என்பதே இங்கு ஆராயப்படுகிறது. அவ்வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் வரலாற்று முறையில் நோக்கி, அதற்குரிய தமிழ்த் தொழிற்சொற்கள் எவை, அவை எவ்வழி வந்தன, எங்கே அவை நின்றுவிடுகின்றன என்பன காட்டப்படும்.

பழுதா, மறுகட்டா

ஸ்லோகத்திற்குப் படகைத் தந்தவர் ஈபன் பியர்ஸ் என்னும் ஓய்வுபெற்ற திமிங்கில வேட்டைக் கப்பல் தலைவர். பாஸ்டனில் சந்தித்தபோது, தம்மிடம் ஒரு கப்பல் உண்டென்றும் அதற்குச் சிறிது பழுதுபார்க்கும் வேலை தேவையென்றும் அவர் கூறினார். ஃபேர்ஹேவனுக்குச் சென்ற பின்னரே அந்தச் ‘சிறிது பழுது’ எத்தன்மையது என்பது ஸ்லோகத்திற்குத் தெரிந்தது. படகு கட்டப்பட்ட ஆண்டு கிறித்து பிறந்த முதலாண்டு என்று அக்கம்பக்கத்தார் கேலி பேசினர். அவர் வந்திருப்பது படகை உடைத்து எடுக்கத்தான் என்றே ஊரார் எண்ணினர். உடைக்கப் போவதில்லை, மீண்டும் கட்டப் போகிறேன் என்று அவர் விடையளித்தார்.

இவ்விடத்தில் இரு வினைகள் எதிரெதிர் நிற்கின்றன. பழுதுபார்த்தல் என்னும் சொல்லில் பொருள் முழுமையாக இருக்கிறது. அதன் ஓர் உறுப்பில் குறை நேர்ந்திருக்கிறது. மறுகட்டு என்னும் சொல்லிலோ பொருளின் முழுமையே ஐயத்திற்குரியதாகிறது. பியர்ஸின் நகைச்சுவை முதற்சொல்லில் உள்ளது. ஸ்லோகத்தின் உறுதி இரண்டாம் சொல்லில் உள்ளது. இரண்டையும் ‘சீரமைத்தல்’ என்ற ஒரே சொல்லால் பெயர்த்துவிட்டால் நகைச்சுவையும் போகும், உறுதியும் போகும். அண்மைக்கால உரைநடையில் சாலை, கல்வி, சட்டம் என எதற்கும் பொருந்தும் சொல்லாக ஆகிவிட்ட ‘சீரமைத்தல்’ இங்கு எதையுமே குறிக்காது.

கட்டுதல் என்னும் தமிழ் வினை இவ்விடத்திற்கு மிகவும் ஏற்றது. கயிற்றால் பிணித்தலும் அச்சொல்லே. வீடு எழுப்புதலும் கப்பல் செய்தலும் அச்சொல்லே. ஆங்கிலம் உட்பட ஐரோப்பிய மொழிகள் கடன் பெற்ற ‘கட்டுமரம்’ முதற்பொருளை இன்றும் காட்டி நிற்கிறது.

பழைய படகின் உறுப்புகள் ஒவ்வொன்றாக நீங்கப் புதியன அவ்விடங்களைப் பெற்றன. முடிவில் பழைய மரம் ஏறத்தாழ எதுவும் எஞ்சவில்லை. அப்படியாயின் அது அதே ‘ஸ்பிரே’தானா? ஸ்லோகம் இவ்வினாவைத் தாமே எழுப்பி, கப்பற்காப்பீட்டுக்கும் கப்பற்பதிவுக்கும் பெயர்பெற்ற லாயிட்ஸின் விதியொன்றை விடையாகக் காட்டுகிறார். சிறிது சிறிதாகப் பழுதுபார்க்கப்பட்டு முழுதும் புதிதாகிவிட்ட கப்பலுக்கும் பழைய பெயரே உரியது என்பது அவ்விதி. பழையது எப்போது மாய்ந்தது, புதியது எப்போது பிறந்தது என்று வரையறுப்பது அரிது என்றும், அதனால் ஒன்றும் குறையில்லை என்றும் அவர் கருதுகிறார். தீசியஸின் மரக்கலத்தை ஏதென்ஸ் மக்கள் பலகை பலகையாக மாற்றிப் பேணியதையும், அது குறித்து மெய்யியலார் வழக்காடியதையும் புளூட்டார்க் பதிவு செய்துள்ளார். ஸ்லோகத்தின் விடை மெய்யியலாருடையது அன்று. பதிவேட்டைக் கையாளும் கப்பல்காரருடையது.

இதில் மொழியமைப்பின் பங்கும் உண்டு. ஆங்கிலத்தில் கப்பல் பெண்பாற் சுட்டுப்பெயரால் குறிக்கப்படும். பலகையும் ஆணியும் அஃறிணைச் சுட்டால் குறிக்கப்படும். மரம் மாறிக்கொண்டே இருக்கையில் ‘அவள்’ என்னும் சுட்டு மாறாமல் தொடர்வதால், படகின் ஒருமை வாதமின்றியே நிலைநாட்டப்படுகிறது. தமிழில் படகும் ‘அது’, கழற்றி எறியப்பட்ட பலகையும் ‘அது’. ‘அவள்’ என்று எழுதுவது திணைவழு. கவிதைக்குப் பொருந்தலாம், ஸ்லோகத்தின் வறண்ட நடைக்குப் பொருந்தாது. ஆகவே ஆங்கிலம் சுட்டுப்பெயரால் செய்வதைத் தமிழ் இயற்பெயரால் செய்ய வேண்டும். ‘அது’ வரும் இடங்களில் இன்றியமையாதவற்றில் ‘ஸ்பிரே’ என்றே மீண்டும் கூறுதல் தக்கது. கூறியது கூறல் என்று இதனைக் குற்றமாகக் கொள்ள வேண்டுவதில்லை.

ஏராவும் வங்கும்

முதல் வேலை அடிமரம். ஃபேர்ஹேவனிலேயே பருத்த ஓக்கு மரம் ஒன்றை ஸ்லோகம் வெட்டினார். அவ்வூர் உழவர் ஒருவர் சிறுதொகை பெற்றுக்கொண்டு அதனையும் சட்டங்களுக்கு வேண்டிய பிற மரங்களையும் இழுத்துவந்து சேர்த்தார். ஆவிப்பெட்டி ஒன்றும், கொதிகலனாக ஒரு பானையும் அமைக்கப்பட்டன. நேரான இளமரங்களைச் செதுக்கி, ஆவியில் வேகவைத்து இளக்கி, ஒரு கட்டையின் மேல் வளைத்து, அவ்வளைவு நிலைக்கும்வரை பிணித்து வைத்து விலாச்சட்டங்கள் ஆக்கப்பட்டன.

அடிமரத்திற்கு ‘ஏரா’ என்றும், விலாச்சட்டத்திற்கு ‘வங்கு’ என்றும் தமிழில் சொற்கள் உள்ளன. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இரண்டையும் தருகிறது. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950-இல் வெளியிட்ட ‘கப்பல் சாத்திரம்’ என்னும் நூலில் ஏரா முதன்மையான சொல்லாகும். மரத்தின் வகை, அளவு, அவற்றால் விளையும் நன்மை தீமை என அந்நூல் பேசுவனவற்றில் பெரும்பகுதி ஏராவைச் சுற்றியே அமைகிறது. அதில் உள்ள நிமித்த நம்பிக்கைகளைக் கண்டு அதனை ஒதுக்குவோர், ஒரு தொழிற்சொல் தொகுதியையும் உடன் ஒதுக்கிவிடுகின்றனர். ‘முதுகெலும்பு’, ‘விலா எலும்பு’ என ஆங்கில விளக்கங்களைப் பின்பற்றி உருவகமாக எழுதுவதைக் காட்டிலும், ஏரா, வங்கு என்று எழுதி முதலிடத்தில் ஒரு தொடரால் விளக்குவதே முறை.

முன்முகப்பு மரத்தைப் பற்றி ஸ்லோகம் கூறுவதில் ஒரு நுட்பம் உண்டு. அது ‘மேய்ச்சல்நில ஓக்கு’ மரத்தின் அடித்தூரிலிருந்து எடுக்கப்பட்டது. இத்தொடரைத் தாவர வகையின் பெயர் எனக் கொள்வது பிழையாகும். காட்டில் நெருங்கி வளரும் ஓக்கு உயர்ந்து மெலியும். திறந்த மேய்ச்சல் நிலத்தில் தனித்து நின்று காற்றை எதிர்த்து வளர்வதோ குட்டையாய், திரண்டு, முறுக்கேறிய வைரத்துடன் இருக்கும். கப்பல் தச்சருக்கு வேண்டியது பின்னது. அம்மரம் பின்னாளில் இந்தியப் பெருங்கடலின் கீலிங் தீவுகளில் பவளப்பாறை ஒன்றில் மோதிப் பாறையைப் பிளந்ததாகவும், தான் தழும்பேதும் பெறவில்லையென்றும் ஸ்லோகம் எழுதுகிறார். மரத்தின் பிறப்பிடத்தை முன்னரே சொல்லி வைத்ததன் பயன் அங்குத் தெரிகிறது. வெறும் ‘ஓக்கு மரம்’ என்று பெயர்த்தவர் அத்தொடர்பை அறுத்துவிடுகிறார். ‘மேய்ச்சல் வெளியில் தனித்து வளர்ந்த ஓக்கு’ எனச் சற்று நீட்டி எழுதுவதால் கேடில்லை.

பலகைகள் ஒன்றரை அங்குல கனமுள்ள ஜார்ஜியா பைன். பலகைகளின் முனைகள் சந்திக்கும் இடங்கள் யாவும் மரையாணிகளால் வங்குகளோடு இறுக்கப்பட்டன. படகு முழுவதிலும் ஏறத்தாழ ஆயிரம் மரையாணிகள் செலவாயின. முடிவில் நீளம் 36 அடி 9 அங்குலம், அகலம் 14 அடி 2 அங்குலம், உள் ஆழம் 4 அடி 2 அங்குலம்.

கலப்பத்து

பலகைகளைப் பொருத்திய முறையை ஸ்லோகம் கூர்ந்து விவரிக்கிறார். அடுத்தடுத்த பலகைகளின் உள்விளிம்புகள் ஒளியும் புகாதவாறு நெருங்கியிருந்தன. வெளிவிளிம்புகளுக்கிடையே சிறு திறப்பு விடப்பட்டது. அத்திறப்பு குறையன்று. அடைப்பு நாரை உளியால் அடித்துச் செலுத்துவதற்கு வேண்டிய இடம் அது. உள்ளே குறுகி வெளியே விரிந்த இடுக்கில் நார் ஆப்புப் போல் இறங்கி நிற்கும். படகு நீரில் இறங்கியதும் பலகைகள் ஊறிப் பருத்து நாரை இறுக்கும். நீர் புகாமற் காப்பது இவ்வேலையின் ஒரு பயன்; பலகைகளை ஒன்றோடொன்று நெருக்கிப் படகின் உடல் முழுவதையும் விறைப்பாக்குவது மற்றொரு பயன். ‘ஓட்டை அடைத்தல்’ என்ற பெயர்ப்பு ஏன் பொருந்தாது என்பது இதனால் விளங்கும். புதிய படகில் ஓட்டையே இல்லை. ஆயினும் இவ்வேலையின்றி அது மிதவாது.

இவ்வேலைக்குத் தமிழ்க் கடற்கரையில் வழங்கும் சொல் ‘கலப்பத்து’. அகராதிகளில் ‘கலப்பற்று’ என்னும் வடிவமும் உண்டு. யூல், பர்னல் இருவரும் தொகுத்து 1886-இல் வெளிவந்த ‘ஹாப்ஸன் ஜாப்ஸன்’ அகராதி, இந்துஸ்தானியிலும் வங்காளத்திலும் வழங்கும் ‘காலாபத்தி’ என்னும் சொல்லைப் போர்ச்சுக்கீசியக் ‘கலஃபாத்தே’யிலிருந்து வந்ததாகக் கொண்டு, அதன் பின்புலத்தில் அரபுச் சொல்லையும் காட்டுகிறது. மத்தியதரைக் கடற்கரை மொழிகள் அனைத்திலும் இச்சொல்லின் உறவுகள் உள்ளன: இத்தாலியக் ‘கலஃபத்தாரே’, ஸ்பானியக் ‘கலஃபத்தேயார்’, பிரெஞ்சுக் ‘கல்ஃபத்தே’, துருக்கியக் ‘கலஃபாத்’. மூலம் கிரேக்கமா, அரபா, இலத்தீனா என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. சொல்லின் பழமைக்கு ஐயத்திற்கிடமில்லாத சான்று ஒன்று உண்டு. 1041-இல் கான்ஸ்டான்டினோப்பிளில் அரியணை ஏறி அடுத்த ஆண்டே அதனை இழந்த பைசாந்தியப் பேரரசர் ஐந்தாம் மைக்கேல், ‘கலஃபாத்தேஸ்’ என்றே வரலாற்றில் அழைக்கப்படுகிறார். அவர் தந்தை கப்பற்படைத் தலைமை பெறுவதற்கு முன் கலப்பத்து வேலை செய்தவர். பேரரசரைத் தாழ்த்தவென்று இட்ட பட்டப்பெயர், தொழிற்சொல்லின் காலத்தை நமக்கு உறுதிசெய்து தருகிறது.

ஆங்கிலம் இக்குடும்பத்தில் சேராதது கருதத்தக்கது. ஆங்கிலக் ‘கால்க்’, மிதித்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையின் வழியில், வடபிரெஞ்சு வழக்கினூடாக வந்தது. ஆகவே இவ்விடத்தில் கலப்பத்து என எழுதும் தமிழ் பெயர்ப்பாளர், மூலத்தின் மொழியைவிட மத்தியதரைக் கடலுக்கு நெருக்கமான சொல்லைக் கையாள்கிறார். அது ‘அயற்சொல்’ என்று அஞ்சித் தவிர்க்க முற்படுவோர், தவிர்த்தபின் கிடைக்கும் ‘நீர்க்காப்பு அடைப்பு’ போன்ற தொடர்களை எந்தக் கப்பல் தச்சரும் அறியார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

‘கலப்பற்று’ என்னும் வடிவம் தனியே நோக்கத்தக்கது. எழுத்து வழக்கில் ற்று என வருவது பேச்சில் த்து ஆவது தமிழில் இயல்பு: காற்று, காத்து, நேற்று, நேத்து. இதனை அறிந்த எழுத்தறிவாளர், பேச்சில் கேட்ட ‘கலப்பத்து’ என்னும் கடன்சொல்லில் உள்ள த்துவையும் சிதைவென்று கருதி ற்றுவாகத் திருத்தினர் என்று கொள்ளலாம். திருத்தத்தின் விளைவு வியப்புக்குரியது. கலம் என்பது மரக்கலம்; பற்று என்பது ஒட்டு, பொருத்து; உலோகத்தைப் பற்றவைத்தல் இன்றும் வழக்கில் உண்டு. கலப்பற்று என்றவுடன் ‘கலத்திற்கு வைக்கும் பற்று’ எனத் தூய தமிழ்த் தொகையாக அது தோற்றமளிக்கிறது. மிகைத்திருத்தமும் நாட்டார் சொற்பிறப்பும் ஒரே சொல்லில் ஒன்றையொன்று தாங்கி நிற்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. இவ்வடிவத்தை மட்டும் கண்டு, கிரேக்கருக்கு நாம் கொடுத்த சொல் என வாதிடுவோரும் தோன்றக்கூடும். போர்ச்சுக்கீசியத்திலும் இந்துஸ்தானியிலும் உள்ள வடிவங்கள் றகரமின்றியே நிற்பதும், ‘கலஃபாத்தேஸ்’ பதினோராம் நூற்றாண்டிலேயே வேரூன்றியிருந்ததும் அவ்வாதத்திற்கு இடந்தரா.

தமிழகக் கடற்கரையின் எல்லாப் படகுகளுக்கும் இத்தொழில் உரியதாக இருந்ததில்லை. கட்டுமரத்தில் இடுக்கை அடைக்கவேண்டிய தேவையே இல்லை. துறைமுகம் அமைவதற்கு முன் சென்னையின் அலைகளைக் கடந்து ஆளையும் சரக்கையும் கரை சேர்த்த மசூலாப் படகுகளில், பலகைகள் ஆணியின்றித் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டன. அங்கு வினைச்சொல் ‘தைத்தல்’. ஆணி அறைந்த பலகைக் கலங்கள், குறிப்பாகத் தூத்துக்குடித் தோணிகள், கலப்பத்துக்கு உரியவை. சொல் தொழிலோடு வந்தது. தொழில் கலத்தின் அமைப்போடு வந்தது.

ஸ்லோகத்தின் கலப்பத்து வேலைக்கு வருவோம். அதில் அவர் தோற்றுவிடுவார் என்று சிலர் அஞ்சினர். தொழில்முறைக் கலப்பத்துக்காரரை அமர்த்தலாமா என்று அவருமே எண்ணினார். முடிவில் தாமே உளியைப் பிடித்தார். முதலில் அவர் செலுத்தியது பருத்திப் பஞ்சு. பெருங்கப்பல்களில் பழகியவர்களுக்கு அது பிழையாகப் பட்டது. அவர்கள் அறிந்தது, பழைய கயிற்றைப் பிரித்தெடுத்துத் தார் தோய்த்த நார். கிளிஞ்சல் கூடையுடன் அவ்வழியே சென்ற ஒருவர் பஞ்சு ‘ஊர்ந்துவிடும்’ என்று கூவினார். மற்றோர் ஊரார் ஒருவரும் அதையே சொன்னார். திமிங்கிலக் கப்பல்களைப் பற்றி நன்கறிந்தவரெனப் பெயர்பெற்ற மூன்றாமவரும் அதையே கேட்டார். அப்போது முதிய தலைவரான நண்பர், எவ்வளவு வேகத்தில் ஊரும் என்று கூறினால் உரிய காலத்தில் துறைமுகம் சேரலாமே என்று வினவினார்.

சிலேடை இங்கு ‘க்ரால்’ என்னும் ஆங்கில வினையில் உள்ளது. தொழிலாளர் வழக்கில் அது அடைத்த பஞ்சு இடுக்கிலிருந்து சிறிது சிறிதாக வெளியேறுதலைக் குறிக்கும். பொதுவழக்கில் தவழ்ந்து நகர்தலைக் குறிக்கும். முதற்பொருளுக்கு மட்டும் நோக்கின் தமிழில் ‘பிதுங்கும்’ என்பதே மிகப் பொருத்தம். ஆனால் பிதுங்குவதற்கு வேகம் இல்லை. நண்பரின் வினா பொருளற்றதாகிவிடும். ‘ஊர்’ என்னும் வினையோ எறும்பு ஊர்தலையும் குறிக்கும், ஏறிச் செலுத்துதலையும் குறிக்கும். ‘ஊர்தி’ பிறந்தது அதிலிருந்தே. பஞ்சு ஊரும் என்றால் இடுக்கிலிருந்து நெளிந்து வருதலும், படகையே இழுத்துக்கொண்டு புறப்படுதலும் ஒருங்கே தோன்றுகின்றன. மூலத்தைவிடத் தமிழில் இச்சிலேடை ஒரு படி மேலாகவே அமைகிறது எனலாம். பெயர்ப்பாளருக்கு இத்தகைய நற்பேறு அரிதாகவே வாய்க்கும்.

பஞ்சின் மேல் தார்நாரையும் ஓர் இழை செலுத்தவேண்டுமென்பதே ஸ்லோகத்தின் தொடக்கத் திட்டம், அவ்வாறே செய்தார். பஞ்சு ஒருபோதும் ஊரவில்லை.

கலப்பத்து என்னும் சொல்லின் நிலை இப்போது உறுதியானதன்று. இயந்திரமும் எஃகும் வந்தபின் மரக்கலத் தொழில் சுருங்கியது. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் தமிழகக் கரையெங்கும் பெருகின. கண்ணாடியிழையில் பலகை இல்லை, இடுக்கும் இல்லை. சொல்லுக்குரிய பொருள் கண்முன்னிருந்து மறைகையில், அச்சொல்லைத் தாங்கி நிற்கக்கூடியவை எழுத்தும் பெயர்ப்பும் மட்டுமே. அவ்வெழுத்திலும் ‘நீர்க்காப்பு அடைப்பு’ என்றே அச்சாகுமானால், தூத்துக்குடியில் இன்னும் உளி பிடிக்கும் முதியவரின் சொல்லை அடுத்த தலைமுறைப் பெயர்ப்பாளர் எங்கும் தேடிக் காண இயலாது.

சாயம்

கலப்பத்து முடிந்தபின் அடிப்புறத்திற்கு இருமுறை செம்புச் சாயம் பூசப்பட்டது. கடலில் மரத்தைத் துளைக்கும் புழுக்களுக்குச் செம்பு நஞ்சு. மேற்புறத்திற்கும் விளிம்புச் சுவருக்கும் இருமுறை பூசப்பட்டதை ‘வெள்ளீயம்’ என்று பெயர்த்தால் பெரும்பிழை நேரும். தமிழில் வெள்ளீயம் வேறோர் உலோகம்; பாத்திரங்களுக்குப் பூசுவது. இங்குக் கூறப்படுவது ஈயத்திலிருந்து செய்யும் வெண்ணிறப் பொடி. சாயக்கடைகளில் அது ‘சபேதா’ எனப்படும். மறுநாள் படகு நீரில் இறங்கியது. ஏறத்தாழ எல்லாமே புதிதான அப்படகை நீரில் பிடித்து நிறுத்தியதோ துருவேறிய பழைய நங்கூரம்.

பாயும் கயிறும்

உடலுக்குரிய சொற்களில் தமிழ் செழிப்பாக உள்ளது. பாய்க்கட்டுக்கு வரும்போது நிலை மாறுகிறது. காரணம் சொல்லின் வறுமையன்று, அமைப்பின் வேறுபாடு. இந்தியப் பெருங்கடல் மரபில் பாய், ‘பருமல்’ எனப்படும் குறுக்குமரத்தில் தொங்கும். ‘ஸ்பிரே’யின் முதன்மைப் பாயோ பாய்மரத்தின் பின்புறத்தில், கீழே ‘பூம்’ என்னும் மரத்தோடு பிணைந்து நிற்கும். ஆகவே பூமைப் பருமல் என்று பெயர்ப்பது தவறான படத்தைத் தரும். ‘பூம்’ என்பது டச்சு மொழியில் மரம் எனப் பொருள்படுவது. ஆங்கிலமே கடன்பெற்ற சொல்லைத் தமிழும் கடன்பெறலாம். ‘ஸ்லூப்’, ‘யால்’ என்னும் கலப்பெயர்களும் தாழ்நாடுகளின் மொழிகளிலிருந்து ஆங்கிலம் புகுந்தவையே.

அமைப்பு ஒத்த இடங்களில் தமிழ்ச் சொல் காத்திருக்கிறது. பாயின் கீழ்மூலையைக் கட்டுப்படுத்தும் கயிற்றுக்கு ஆங்கிலத்தில் ‘ஷீட்’ என்று பெயர். இதனைத் துணி எனவோ விரிப்பு எனவோ கொண்டு பெயர்ப்பவர், பாயைத் தளர்த்தினார் என்று எழுத வேண்டிய இடத்தில் துணியை அவிழ்த்தார் என எழுத நேரும். ‘தாமான்’ என்பது இதற்கு நேரான தமிழ்ச் சொல். இந்துஸ்தானி வழியாகப் பாரசீகத் ‘தாமன்’ என்பதிலிருந்து வந்தது. மூலப்பொருள் ஆடையின் ஓரம், முந்தானை. ஆங்கில ‘ஷீட்’டும் பழைய ஆங்கிலத்தில் பாயின் மூலையைக் குறித்த சொல்லிலிருந்து தோன்றியது. துணியின் ஓரத்தைக் குறித்த பெயர் அவ்வோரத்தில் கட்டிய கயிற்றுக்குத் தாவிய அதே ஆகுபெயர், இரு வேறு மொழிக் குழுக்களில் தனித்தனியே நிகழ்ந்துள்ளது.

தாமான் போன்ற சொற்களைக் கடற்கரைகளில் பரப்பியோர் ‘லஸ்கர்’ எனப்பட்ட இந்தியப் பெருங்கடல் மாலுமிகள். ஒரே கப்பலில் குஜராத்தியரும் வங்காளியரும் மலையாளிகளும் பிறரும் பணியாற்றினர். கட்டளை அனைவருக்கும் ஒரே நொடியில் விளங்க வேண்டும். அத்தேவையில் உருவான கலப்பு வழக்கைத் தாமஸ் ரோபக் தொகுத்து 1811-இல் கல்கத்தாவில் ஆங்கில–இந்துஸ்தானிக் கப்பற்சொல் அகராதியாக வெளியிட்டார். பின்னர் அது ‘லஸ்கரி அகராதி’ எனப் பெயர்பெற்றது. முன்பாய்மரத்தைக் குறிக்கும் ‘திரிக்கட்’ போர்ச்சுக்கீசியத் ‘திராக்கெத்தே’யிலிருந்தும், மேற்பாயைக் குறிக்கும் ‘காவி’ அம்மொழியின் ‘கவேயா’விலிருந்தும் வந்தவை. அரபு, பாரசீகம், இந்துஸ்தானி ஆகியவற்றின் சொற்கள் அவற்றோடு கலந்து நின்றன. தமிழின் கப்பற்சொற்களை ஆராய்வோர் பேரகராதியோடு நின்றுவிடாமல் ரோபக்கையும் அருகில் வைத்துக்கொள்வது பயன்தரும். சுக்கான், கித்தான் போன்றவற்றின் அரபு வேர்கள் தனித்தனிக் கடன்களாக அன்றி ஒரு தொகுதியின் பகுதிகளாக அப்போது தெரியவரும்.

‘ஸ்பிரே’யின் பாய்க்கட்டு ஃபேர்ஹேவனில் முற்றுப்பெறவில்லை. நியூ ஹாம்ப்ஷயர் ஸ்புரூஸ் மரத்தாலான பாய்மரத்துடன் அது ஸ்லூப்பாகப் புறப்பட்டது. மொராக்கோக் கரைக்கு அப்பால் உடைந்த பூம், பிரேசிலின் பெர்னாம்புகோவில் குறுக்கப்பட்டது. புவேனஸ் ஐரிஸில் பாய்மரத்தில் ஏழு அடியும், முன்னே நீட்டிநிற்கும் பௌஸ்பிரிட்டில் ஏறத்தாழ ஐந்து அடியும் வெட்டப்பட்டன. 1896-இல் மகெல்லன் நீரிணையின் ஆங்கோஸ்டோத் துறையில் கிழிந்த பாய்களைத் தைத்துக் கயிறுகளைச் செப்பனிட்டபோது, படகின் பின்கோடியில் ‘ஜிக்கர்’ என்னும் சிறு பின்பாய் ஒன்று நிறுத்தப்பட்டது. அதனோடு இலக்கணப்படி ‘ஸ்பிரே’ ஸ்லூப் அன்று; யால். ஸ்லோகமும் இதனை ஒப்புக்கொள்கிறார். ஆயினும் பின்பாய் தற்காலிகமானது என்று காரணம் காட்டி, அதனை ஸ்லூப் என்றே தொடர்ந்து அழைத்தார்.

இவ்விடத்தில் பெயர்ப்பாளர் மூலத்தைத் ‘திருத்த’ முற்படக்கூடும். ஆங்கோஸ்டோவுக்குப் பின் யால் என்று மாற்றி எழுதக்கூடும். அது கூடாது. மரமெல்லாம் மாறியும் பெயர் மாறாத படகு, இப்போது வகை மாறியும் வகைப்பெயர் மாறாமல் செல்கிறது. ஃபேர்ஹேவனில் லாயிட்ஸ் விதியைத் துணைக்கழைத்தவர், இங்கு எவ்விதியையும் அழைக்காமல் தம் வழக்கையே போதுமெனக் கொள்கிறார்.

1898 ஜூலை 3 அன்று ஸ்லோகம் ‘ஸ்பிரே’யை ஃபேர்ஹேவனுக்கே கொண்டுவந்தார். படகை முதன்முதல் நீரில் இறக்கியபோது அதைப் பிணைத்து வைக்கக் கரையில் அறைந்திருந்த சீடர் மர முளை அங்கேயே நின்றது. அதிலேயே அதனைக் கட்டினார்.